கண்ணாடிப் பூ மூடி

அம்மாவின் காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், பீரோவின் மேல்தட்டிலிருந்து தங்கை அந்தக் குப்பியை எடுத்தபோது அக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் பூ மாதிரி செய்த மூடி, கழுத்தில் நைந்துபோன ஊதா நாடா. கல்யாணமான புதிதிலிருந்து அப்பா வாங்கிக் கொடுத்துவந்த லில்லி சென்ட்.

"இது மட்டும் போதும்க்கா எனக்கு. அம்மாவோட நகை, துணிமணியெல்லாம் நீயே வச்சுக்கோ."

பெருந்தன்மைக்குக் குறைச்சலில்லை. நகை என்று அங்கே ஒரு கம்மல்கூட மிச்சமில்லை. எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று.

அந்த சென்ட்தான் அம்மாவின் அந்தஸ்து. அவள் படியேறும்போதே, "ஆபீசரம்மா வந்தாச்சு" என்பார்கள் கீழ்வீட்டில். அப்பா சாதாரண குமாஸ்தா என்பதை அந்த வாசனை மறக்கடித்தது. பள்ளிக்குக் கிளம்பும் இளையவளுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு உண்டு. மூத்தவள் கையை நீட்டினால், "அடுப்படில கிடக்கிறவளுக்கு எதுக்குடி சென்ட்டு?" என்பாள் அம்மா.

படுத்த படுக்கையான பிறகும், இளையவள் வீடியோவில் கூப்பிடும் நாளில் அம்மாவுக்கு அது வேண்டும். "போன்ல வாசனை போகாதும்மா" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. ஒருநாள் குப்பி காலியானது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். அந்த சென்ட் கம்பெனியையோ எப்போதோ இழுத்து மூடியிருந்தார்கள். அக்கா தெருமுனைக் கடையில் அளந்து ஊற்றித் தரும் மலிவு சென்ட்டை வாங்கிவந்து சத்தமில்லாமல் நிரப்பினாள். அம்மா முகர்ந்து பார்த்து, "இதுதாண்டி" என்றாள். கஞ்சியும் குடித்தாள். அதன்பிறகு அக்கா தீரத் தீர நிரப்பினாள். பெரிய புட்டி குளியலறையில் பினாயிலுக்குப் பின்னால் இருந்தது.

இப்போது தங்கை மூடியைத் திருகினாள். அந்த வாசனையிலேயே வளர்ந்த மூக்கு, எப்படியும் கண்டுபிடித்துவிடும். அம்மாவின் சென்ட்டை அக்கா பூசித் தீர்த்துவிட்டு எதையோ ஊற்றி வைத்திருக்கிறாள் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்வாள். மணிக்கட்டில் தேய்த்து முகர்ந்த தங்கை அப்படியே உடைந்து அழுதாள்.

"அப்படியே அம்மா வாசனைக்கா!"

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே வயிறு பற்றி எரிந்தது. மூத்திரத் துணி அலசியவளுக்கு, முதுகுப் புண்ணுக்குக் களிம்பு தடவியவளுக்குத் தெரிந்த அம்மா வாசனை வேறு. அது வேண்டுமென்று யாரும் கேட்டு வரப்போவதில்லை. சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். தங்கையைப் பாவம் பார்த்து அல்ல. சொன்னால் அம்மா ஏமாந்ததும் வெளியே வந்துவிடும்.

டாக்சி வந்தது. தங்கை கட்டிப்பிடித்து, தோளில் முகம் புதைத்து, மெல்ல விலகினாள்.

"இத்தன வருஷம் கூடவே இருந்திருக்க. ஆனா உம்மேல அம்மா வாசனையே இல்லக்கா."

"நான் அடுப்படில கிடக்கிறவதானே" என்றாள் அக்கா. தங்கை அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

டாக்சி தெருவைத் தாண்டியதும் அக்கா குளியலறைக்குப் போனாள். பெரிய புட்டியில் பாதிக்குமேல் இருந்தது. மொத்தத்தையும் வாளித் தண்ணீரில் கவிழ்த்தாள். அம்மாவின் கட்டிலை நகர்த்தி, மூலைமுடுக்கு விடாமல் தரையைத் துடைத்தாள். வாசனை வீட்டை நிறைத்துப் படிக்கட்டுக்கு இறங்கியது. கீழ்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, தரை காயட்டும் என்று அறைவாசலிலேயே நின்றாள்.