பின்மூடிக்கு நாலு ஸ்க்ரூ

நாங்கள் பழைய காராக வாங்கியபோதே அதில் ட்ரெய்லர் மாட்டுகிற இழுவைக் கொக்கி இருந்தது. இழுப்பதற்கு எங்களிடம்தான் ஒன்றும் இல்லை. பின் பம்பரில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் உள்ளே கொக்கி. அந்த மூடிதான் இத்தனை மாதமாக என் உயிரை வாங்கியது.

கழற்றுகிறவன் என் தம்பி. குழந்தைகள் ஏறிக் குதிக்கிற காற்றுக் கோட்டை ஒன்றை வாடகைக்கு விடுகிறான். பிறந்தநாள், பள்ளிக்கூட விழா என்று யார் கூப்பிட்டாலும் கோட்டையைச் சுருட்டி, காற்றடிக்கிற மோட்டாரோடு ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய் விரிக்க வேண்டும். அவனுடைய வேன் படுத்துவிட்டது. அதனால் சனிக்கிழமை காலை எங்கள் வண்டியை எடுத்துப்போய், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவான்.

அதில் எனக்கு வருத்தமா? நன்றாகக் கேட்டீர்கள் போங்கள். அம்மா எங்களோடு இருந்தவரை அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்தான். அம்மா போனதும் வரவு நின்றுவிட்டது. சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை, சும்மா நின்றுவிட்டது. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒரு வருஷம் முகம் பார்க்கவில்லை. போன் செய்தால் நல்லா இருக்கேன்க்கா என்பான், அதோடு சரி. அப்புறம் ஒரு சனிக்கிழமை வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் சாவி மாட்டுகிற ஆணியைப் பார்த்து, வண்டி கிடைக்குமா என்று கேட்டான். வண்டி என்ன, கிட்னியைக் கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

கேட்ட முதல் வாரமே மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, கம்பெனியில் போட்ட கிளிப் அத்தனையையும் உடைத்தான். அதிலிருந்து மூடி நிற்கவில்லை. திங்கள் முதல் வெள்ளிவரை வேகத்தடைக்கு வேகத்தடை லொடலொடவென்று அடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் ஆகாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவர். இம்மி பிசகினாலும் முகம் சுருங்கிவிடும். ஆனால் வாயைத் திறந்து யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எது கேட்டாலும் 'சரிங்க' என்பதால் கடையில் அவர் பெயரே 'சரிங்க'தான்.

வாயில் வராதது கையில் வந்தது. முதலில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டார். வெயிலில் இளகி மூடி நடுரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த பஸ்காரன் இறங்கி எடுத்துக் கொடுத்துவிட்டுத் திட்டினான். அடுத்தது வயரைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் டேக். வாராவாரம் வெட்ட வேண்டும், வெட்டின முனை விரலைக் கீறும். பிறகு காந்தம். மூடியும் பிளாஸ்டிக், பம்பரும் பிளாஸ்டிக், காந்தம் எதைப் பிடிக்கும்? அதற்காக உள்ளே ஒரு இரும்புத் தகட்டை ஒட்டினார். முதல் பள்ளத்தில் காந்தம் தகட்டோடு நின்றது, மூடி தனியாகப் போனது. அன்று வண்டியை ஓட்டிய தம்பி அதைப் பொறுக்கிவந்து வண்டிக்குள் வைத்துவிட்டுப் போனான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை எனக்கு. நாள் முழுக்க மற்றவர்களைக் கொஞ்சம் உட்காருங்க, கொஞ்சம் உட்காருங்க என்பேனே தவிர எனக்கு உட்கார வராது. மூடி இவர் மண்டையைக் குடையக் குடைய, நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். மூடிக்காக வண்டி இல்லை என்று ஆகிவிட்டால் அவன் இந்த வாசலை மறந்துவிடுவான். அது எனக்குத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை போல்ட், நட்டு விற்கிற கடைக்குக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்னப் பெட்டிகள். எதிலும் பேர் எழுதவில்லை; கடைக்காரர் கை தானாகப் போய்த் திறக்கிறது. இவர் கையோடு கொண்டுவந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அடிக்கடி கழட்டி மாட்டுறதா? இல்ல, மாட்டினா கழட்டவே கூடாததா?"

அடிக்கடி கழற்றுவதற்கு ஒரு வகை இருந்தது. காசை வைத்துக் கால் சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும், திரும்பக் கால் சுற்றில் மாட்டிக்கொள்ளும். அழகான சாமான். நான் அதிலேயே நாலு கொடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்."

எனக்குப் பொறி தட்டியது. சரிங்க என்பதைத் தவிர வேறு எதுவும் கடைக்காரரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. வழியெல்லாம் நான் கேட்க, வழியெல்லாம் இவர் ரோட்டைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் வண்டியில் மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. நாலு மூலையிலும் நாலு ஸ்க்ரூ. தலையில் நட்சத்திரம் போல ஒரு குழி, குழிக்கு நடுவில் ஒரு முள். நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவர் எதுவும் அதில் நுழையாது. இதை எப்படிக் கழற்றுவது என்று கேட்டேன். கடைக்காரர் அதற்கென்று ஸ்க்ரூ டிரைவரில் மாட்டுகிற ஒரு முனை கொடுத்திருக்கிறார், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார். எங்கே என்று கேட்டேன். பத்திரமா என்றார். அதற்குமேல் அவரிடம் பேச்சு வாங்க முடியுமா?

சனிக்கிழமை காலை நான் எழுந்தபோது ஆள் இல்லை. நடைப்பயிற்சிக்காம். கல்யாணமான நாளாக இவர் நடந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பைகள், மேஜை இழுப்பறை, அரிசி டப்பா, ஷூவுக்குள் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். முனை இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்து காப்பியைப் பொங்கவிட்டேன். அந்த மனுஷன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஜன்னலுக்கு நேர் கீழேதான் வண்டி நிற்கும். தம்பி வந்தவன் நேராக வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான். கட்டைவிரலால் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தடவினான். நாலையும் தடவிவிட்டு அப்படியே குந்தியபடி இருந்தான். நான் படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். பக்கத்துத் தெருவில் பம்பரையே கழற்றிக்கொண்டு போகிறார்களாம், திருட்டுப் பயத்துக்குப் போட்டது, மாமா இப்போ வந்துடுவார் என்று வாய்க்கு வந்ததை அளந்தேன்.

"அக்கா, இது எனக்குன்னு போட்டது. பரவால்ல விடு."

"விடறதாவது! நீ இரு, நான் எதிர் கடையில கேட்டு ஒரு முனை வாங்கிட்டு வந்துடுறேன். உன் வேலை கெடக் கூடாது."

"வேலை ஒண்ணும் கெடாதுக்கா. தொழில்ல கூட இருக்கிறவன் பிக்கப் வண்டி வாங்கி மூணு மாசம் ஆச்சு. அதுலதான் இழுக்குறோம்."

எனக்கு விளங்கவே இல்லை. மூன்று மாதமாக எங்கள் வண்டியை எங்கே கொண்டுபோகிறான்? கேட்டேன். கோட்டையைப் போட்டுவைக்கிற ஷெட்டு வாசலில் நிற்குமாம். காலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஞாயிறு சாயங்காலம் பெட்ரோல் போட்டு ஓட்டிக்கொண்டு வருவானாம். அப்புறம் அந்த மூடியை எதற்கடா வாராவாரம் பிடுங்கினாய் என்று கேட்டேன்.

"கழட்டாம கொண்டுவந்தா, இழுக்கலன்னு மாமாவுக்குத் தெரிஞ்சிடுமே."

"அப்ப எதுக்குடா வண்டி?"

அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

"சும்மா எப்படிக்கா வர்றது? அம்மாவும் இல்ல. வண்டின்னா எடுக்க ஒருதடவை, திருப்பிக் குடுக்க ஒருதடவை வரலாம்."

இத்தனை மாதமாக நான் வண்டியைச் சாக்கு வைத்து இவனைப் பிடித்து வைத்திருந்தேன் என்று நினைத்தேன். இவனும் அதே சாக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து இவர் வந்து சேர்ந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து அந்த முனையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். வேண்டாம் மாமா என்றான் அவன். நான் கத்தினேன். தெருவில் நின்று அப்படிக் கத்தியதில்லை. பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லக் கூடாதா, ஸ்க்ரூவிடம் சொல்லி அனுப்ப வேண்டுமா என்று கேட்டேன்.

"வண்டி போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். "ஒரு சனிக்கிழமையாவது உன்னை வெளியில கூட்டிட்டுப் போகணும்னு இருந்துது. கேட்டா அவன் வருவான், அவன் வருவான்னு நீ ஜன்னல்லயே நிக்கிற."

அது நிஜம்தான். மூன்று பேரும் மேலே வந்தோம். தம்பி காப்பியை நின்றுகொண்டே குடித்தான். எடுத்துப்போக ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சும்மா வாடா, காரணம் எதற்கு என்று நான் சொன்னேன். சரிக்கா என்றான். மாமாவும் வா மாப்ள என்றார். சரிங்க மாமா என்றான்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. இவர் என்னை வெளியே கூட்டிப்போனார். வண்டியில் ஒரு சத்தம் இல்லை. கடைகடையாக ஏறி இறங்கினோம்; எதைப் பார்த்தோம் என்று எனக்கு நினைவில்லை. ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் பொழுது ஏறிக்கொண்டே போனது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தவள் நின்று, போனை எடுத்தேன்.

வேலை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். போனை வைத்துவிடுவானோ என்று பயம் வந்தது.

"வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுடா," என்றேன்.

குரலே மாறிவிட்டது அவனுக்கு. செல்ஃப் எடுக்கிறதா, லைட் எரிகிறதா, மாமா பார்த்தாரா என்று அடுக்கினான். லென்ஸைத் தவிர உன் மாமாவுக்கு என்ன தெரியும் என்றேன். யாரையும் தொட விடாதே, இதோ கிளம்பிவிட்டேன் என்றான்.

போனை வைத்துத் திரும்பினால் நாற்காலியில் இருந்த மனுஷனைக் காணோம். ஜன்னலுக்குப் போனேன். கீழே வண்டியின் முன்பக்கம் திறந்திருந்தது. கையில் ஸ்பேனரோடு இவர் குனிந்து நின்றார். பேட்டரி வயர் ஒன்றைக் கழற்றி ஓரமாக வளைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணு போதுமா?"

"ரெண்டையும் கழட்டுங்க," என்றேன். "சீக்கிரம் கண்டுபிடிச்சிட்டான்னா உடனே கிளம்பிடுவான்."