திருட்டு முழி

கேமராவின் லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான், கட்டிலில் கிடக்கும் அம்மாவின் மூச்சு கேட்கவில்லை என்பது மகளுக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். போர்வை மெல்ல ஏறி இறங்கியது.

கீழே அவர்களுடைய ஸ்டுடியோ, மேலே வீடு. இறந்தவர்களைப் படம் எடுக்கச் சொல்லி வருபவர்களும் உண்டு. எடுப்பது அப்பா. படத்தில் மூடிய இமைமேல் திறந்த கண்ணை வரைவது அம்மா. எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அம்மா வரைந்த கண்கள் விழித்துக்கொண்டிருந்தன. ஊருக்கெல்லாம் படம் எடுத்த வீட்டில் அம்மாவை எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டாலே, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று நழுவிவிடுவாள்.

இன்று காலை டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனதும் அவளே மகளைக் கூப்பிட்டாள்.

"மூச்சு இருக்கும்போதே என்னை ஒண்ணு எடுத்துடு. செத்தப்புறம் உங்கப்பா கண்ணு வரைய உக்காந்தார்னா, நான் காலத்துக்கும் திருட்டு முழி முழிச்சிட்டுத் தொங்கணும்."

அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கேமரா சண்டித்தனம் செய்தது. லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற எண் தெரிய வேண்டிய சின்னத் திரையில் இரண்டு கோடுகள் மின்னின. லென்ஸ் சொல்வது கேமராவுக்கு எட்டவில்லை என்று அர்த்தம். கோடு மின்னும்வரை பட்டனை அமுக்கினாலும் ஷட்டர் விழாது. கடையில் இருந்த இன்னொரு கேமரா ரிப்பேருக்குப் போயிருந்தது.

"லென்ஸ் வளையத்தைக் கடைசி நம்பர்ல வச்சுப் பூட்டினியா?" மேசை விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி அப்பா கேட்டார்.

"பூட்டியாச்சு."

"காண்டாக்ட் முனையெல்லாம் துடைச்சியா?"

"துடைச்சேன்பா."

லென்ஸை மறுபடி பொருத்தித் திருகினாள். கிளிக் என்று உட்கார்ந்தது. திரையில் கோடுகள்தான். குனிந்திருக்கும்போது அம்மா போய்விடுவாளோ என்று பயம். நிமிர்ந்தால் போயிருப்பாளோ என்று அதைவிடப் பயம்.

"அம்மா கண்ணு எப்படிப்பா இருக்கு?"

"திறந்துதான் இருக்கு. சீக்கிரம் பாரும்மா."

லென்ஸைக் கழற்றி, கேமராவை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உள் விளிம்பில் வரிசையாக நின்ற பொன்னிற முனைகளில் ஒன்று மட்டும் அமுங்கிக் கிடந்தது. அது லென்ஸைத் தொடவே இல்லை. தீக்குச்சி முனையால் பக்கவாட்டில் நெம்பினாள். அசையவில்லை. இன்னொரு முறை நெம்பியதும் டக்கென்று எழும்பி மற்றவற்றோடு நின்றது. லென்ஸை மாட்டினாள். கோடுகள் போய் எண் வந்தது.

"அம்மா, இங்க பாரு."

அமுக்கினாள்.

ஷட்டர் விழும்போது கேமராவுக்குள் கண்ணாடி எழும்பி, பார்க்கும் துளை இருண்டுவிடும். எடுத்த அந்த நொடி எடுக்கிறவருக்கு மட்டும் தெரியாது. வெளிச்சம் திரும்பியபோது அம்மாவின் இமைகள் மூடியிருந்தன. அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

வெகுநேரம் கழித்து மகள் கேட்டாள்: "நான் எடுக்கும்போது கண்ணு திறந்திருந்துச்சாப்பா?"

"தெரியலம்மா. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி."

சொந்தக்காரர்கள் வந்துவிட்டால் முதலில் படத்தைத்தான் கேட்பார்கள். அவள் கீழே இறங்கி இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா கேட்டது அந்த ஒன்றுதான். அதுவும் மூடிய கண்ணாக வந்திருந்தால் என்ன செய்வது? பிலிமைக் கழுவி எடுத்தவள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கத் துணியாமல் அப்படியே மாடிக்குக் கொண்டுவந்தாள்.

"நீங்களே பாருங்கப்பா. என்னால முடியல."

அப்பா ஜன்னலோரம் போய் ஈரப் பிலிமை உயர்த்திப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அவ உன்னைப் பாக்கலம்மா," என்றார் கடைசியில். "என்னைத்தான் முறைச்சுட்டு இருக்கா. விளக்கைக் கோணலாப் புடிச்சிட்டேன் போல."

பிலிமிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் இறங்கி முழங்கைவரை நனைத்தது. அவர் கையைத் தாழ்த்தவில்லை.