நான்கு கதைகளிலும் வந்தவள்

வன்பென் பத்தொன்பது வருடங்களாக இறந்துபோனவர்களின் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோன்புரியில் கால்வாய்க்கரையில் இருந்த அந்தச் சின்ன அச்சகத்துக்கு வேறு வேலை அதிகம் வராது. யாராவது இறந்தால் உடலை நூறு நாள் விகாரையில் வைத்திருப்பார்கள். அதற்குள் ஒரு புத்தகம் தயாராகிவிட வேண்டும். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம், அடுத்து அவர் பிறந்து வளர்ந்த விவரம், அப்புறம் வீட்டார் கேட்பது எதுவானாலும் சரி, புத்தர் போதனையோ மூலிகை வைத்தியமோ மீன் குழம்பு வைக்கும் முறையோ. எரியூட்டும் நாளில் வருகிறவர்கள் சந்தனச் சீவலில் செய்த பூவைச் சவப்பெட்டியருகே வைத்துவிட்டுப் புத்தகத்தோடு வீடு திரும்புவார்கள்.

அத்தனை போதனையையும் அத்தனை குழம்பையும் எழுத்தெழுத்தாகப் படித்தவள், கதை மட்டும் படித்ததே இல்லை. கதை படிப்பது வேலையற்றவர்கள் காரியம் என்பது அவள் எண்ணம்.

ஒருநாள் காலையில் லமாய் என்ற அம்மாள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல் தொப்பென்று வைத்தார். கணவர் ப்ரயூன் போய் இருபது நாள் ஆகியிருந்தது. நீர்ப்பாசன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டிக்குள் நாற்பது வருடத்துக்கு முந்தைய பத்திரிகைகள். தாள் எல்லாம் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது.

"எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு. அடையாளம் வச்சிருக்கிற நாலு கதையைத்தான் போடணுமாம். போதனை கீதனை எதுவும் வேணாமாம்."

ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் பார்த்துக் கோக்கும் கம்பாசிட்டர் துய் சிரித்தார். "சாவுப் புத்தகத்துல கதையா? வர்றவங்க அழுவாங்களா, விசிலடிப்பாங்களா?"

"உயிரோட இருந்தப்பவே அந்த மனுசன் பேச்சை என்னால மீற முடியல. இப்ப எங்கருந்து மீற?" என்றார் லமாய்.

முதல் கதை துப்பறியும் கதை. பட்டு வியாபாரி ஒருவர் பூட்டிய அறைக்குள் விஷத்தில் செத்துக் கிடக்கிறார். வன்பென் வழக்கம்போல எழுத்துப் பிழை பார்க்கத்தான் ஆரம்பித்தாள். மூன்றாம் பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். மெய்ப்பை வீட்டுக்கு எடுத்துப் போனவள், யார் விஷம் வைத்தது என்ற யோசனையில் பேருந்தில் தன் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். பழைய எழுத்தாளர்கள் நீட்டி முழக்குவார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். இங்கே ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடியது, ஆனாலும் மூச்சு வாங்கவில்லை.

அடுத்தது காதல் கதை. மல்லிகைத் தோட்டத்துக்காரன் மகளும் ஓடக்காரனும். முடியும்போது வன்பென் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வெங்காயமா உரிக்கிற?" என்றார் துய்.

"சும்மா இருங்கண்ணே. உங்களுக்கு ஈயத்தை எண்ணத்தான் தெரியும். அதுல என்ன இருக்குன்னு என்னிக்காவது படிச்சிருக்கீங்களா?"

"தலைகீழாப் படிக்கிறவனுக்கு அழுகை வராது, தாயி."

மூன்றாவது வடக்கு மலைக்காட்டுக் கதை. தேக்கு மரம் இழுக்கும் யானைக்கு மதம் பிடித்து, அதைத் தேடி மூன்று பேர் போகிறார்கள். மழை பொய்த்த வருடம். நாலு நாள் நடைக்கு ஒரு ஓடை கூட இல்லை. துப்பாக்கிக்காரன் காலடித் தடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்போது மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் வருகிறாள். இடுப்பு வரை நனைந்திருக்கிறாள். கையில் சின்னப் பொட்டலம். 'கடைசிப் படகு போய்விட்டதா?' என்று கேட்கிறாள். துப்பாக்கிக்காரன் தலை நிமிரவில்லை. அடுத்த வரியில் யானை பிளிறுகிறது. அந்தப் பெண்ணைப் பற்றி அதற்குமேல் கதையில் ஒரு சொல் இல்லை.

வன்பென்னுக்குக் கை நின்றது. தண்ணீரே இல்லாத காட்டில் படகா? பிழை என்று குறியிடப் பென்சிலை எடுத்தவளுக்கு, இதை எங்கேயோ படித்த நினைவு வந்தது. துப்பறியும் கதையை எடுத்துப் புரட்டினாள். இருந்தது. துப்பறிகிறவர் சாம்பலைக் கிளறிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண், கையில் பொட்டலம், அதே கேள்வி. அவரும் நிமிரவில்லை. காதல் கதையில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தாள். முதல் தடவை படித்தபோது வன்பென்னே அதைக் கவனிக்காமல் தாண்டியிருந்தாள். நான்காவது பேய்க் கதை, அதை அவள் இன்னும் படிக்கவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் தேடிப் புரட்டினாள். பாழடைந்த மாளிகைப் படியில் பேய் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருக்கிறது. பொட்டலக்காரி வந்து அந்தப் பேயிடம் கேட்கிறாள். பேய்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான்கு கதைக்கும் நான்கு புனைபெயர். எழுதிய கை ஒன்று.

அடுத்த வாரம் லமாய் படத்தைக் கொடுக்க வந்தபோது வன்பென் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, இதையெல்லாம் ஐயாதான் எழுதினாரா?"

"கல்யாணமான புதுசுல ஏதோ எழுதிக்கிட்டிருந்தாரு. பெரிய வெள்ளம் வந்த வருஷத்தோட விட்டுட்டாரு. நான் படிச்சதில்ல. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்."

"நாலுலயும் ஒரு பொம்பளை வர்றா. கையில பொட்டலத்தோட. கடைசிப் படகு போயிடுச்சான்னு..."

லமாய் முகம் மாறியதை வன்பென் பார்த்தாள். பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"அதுலயுமா வந்துட்டா?" என்றார். பிறகு, "எடுத்துடு."

"எதைம்மா?"

"அவளை. நாலுலருந்தும் எடுத்துடு. அவர் எரியிற அன்னிக்கு அவ நடுவுல வந்து நிக்கக் கூடாது." எழுந்து போய்விட்டார்.

கொடுத்தவர் சொன்னால் எடுக்க வேண்டியதுதான். துய் நான்கு இடத்திலும் ஈய எழுத்தைப் பிடுங்கி எடுத்தார். மேலும் கீழும் இருந்த வரிகள் தாமாகவே பொருந்திக்கொண்டன.

"பாத்தியா? எடுத்த தழும்பே தெரியல. அவ அங்க இருந்ததே யாருக்கும் கண்ணுல படல, இல்லாததா படப்போகுது?" என்றார்.

இரண்டு நாள் கழித்து, நல்ல மத்தியானம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. துய் குடையை எடுத்துக்கொண்டு நூடுல்ஸ் வாங்கப் போயிருந்தார். வன்பென் தனியாக உட்கார்ந்து பேய்க் கதையின் கடைசி மெய்ப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். மாளிகையின் உள்ளறைக் கதவு திறக்கப் போகிறது. சாவி திரும்பிவிட்டது. வாசலில் யாரோ ஏதோ கேட்டார்கள். "ம்," என்றாள் வன்பென், பக்கத்தைத் திருப்பினாள். மறுபடியும் கேட்டார்கள். கதவு திறந்தது, உள்ளே யாருமில்லை, தொட்டில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவையும் அந்தக் குரல் கேட்டது. அது தணிவான குரல். தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூசுகிறவர்களின் குரல். வன்பென் பத்தியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

வாசலில் யாரும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

துய் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். "யாரு அந்த அம்மா? தொப்பலா நனைஞ்சு வாசல்ல நின்னாங்களே? பதில் சொல்லாம அனுப்பிட்டியா?"

"எந்த அம்மா?"

"இப்பதான்டி, என்னைத் தாண்டிப் படித்துறைப் பக்கம் போனாங்க. கையில என்னமோ பொட்டலம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் வாயை மூடிக்கொண்டார்.

என்ன கேட்டாள் என்பது அப்போதுதான் வன்பென்னின் காதுக்குள் வார்த்தையாக வந்து சேர்ந்தது. இருவரும் படித்துறைக்கு ஓடினார்கள். கடைசிப் படி வரை தண்ணீர் ஏறியிருந்தது. ஆகாயத் தாமரைக் கொத்து ஒன்று மிதந்து போயிற்று. அக்கரையில் கூரைக்கடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் கூவிக் கேட்டார்கள். இந்த மழையில் யாரும் வரவில்லை என்றாள் அவள்.

நூடுல்ஸ் ஆறிப்போயிற்று. துய் ஈயக் கறை படிந்த தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "கதையிலருந்து நாமதானே எடுத்தோம்? அவ வேற எங்க போய்க் கேப்பா?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

மறுநாள் காலையிலேயே வன்பென் லமாய் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். தானும் நிமிராமல் இருந்துவிட்டதையும் சொன்னாள். லமாய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு," என்றார். "பதினெட்டு வயசுல படகுத்துறையில சீட்டுக் கிழிக்கிற வேலை. எந்நேரமும் கையில கதைப் புத்தகம். வாடகைக்கு எடுத்து, திருப்பிக் கொடுக்கறதுக்குள்ள முடிக்கணும்னு வெறி. ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. ஒருத்தி வந்து கடைசிப் படகு போயிடுச்சான்னு கேட்டிருக்கா. அக்கரையில புள்ளைக்குக் காய்ச்சல், மருந்து வாங்கிட்டுப் போறா. இவருக்குக் கதையில முக்கியமான கட்டம். மூணு தடவை கேட்டாளாம். இவரு தலையைத் தூக்கல. படகு போயிடுச்சுன்னு நெனச்சு, அவ ஆழம் குறைஞ்ச இடமா பாத்து இறங்கிட்டா."

வன்பென் தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"கால் மணி நேரம் கழிச்சுப் படகு வந்துச்சாம். அவளை மறுநாள்தான் எடுத்தாங்க. அந்தப் பொட்டலத்தை விடவே இல்லியாம்." லமாய் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு அவ மேல கோவம். நாப்பது வருஷம் எங்க வீட்டுல சத்தமா ஒருத்தர் சிரிச்சதில்ல. அவளாலதான்னு நெனச்சேன். போற அன்னிக்காவது தனியாப் போகட்டும்னு பார்த்தேன்."

"இப்ப என்னம்மா செய்யலாம்?"

"போட்டுடு. நாலுலயும் இருந்த இடத்துலயே போட்டுடு. பாவம், அவ கேட்டுட்டுதான் போகட்டுமே."

துய் அன்று மாலைக்குள் நான்கு இடத்திலும் வரிகளைத் திரும்பக் கோத்தார். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே கோத்தார்.

எரியூட்டும் நாளன்று கூட்டம் அதிகமில்லை. விகாரையின் பின்புறம் கால்வாய், அதன் மேல் மரப் படகுத்துறை. நாலு மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. பிக்குகள் ஓதி முடித்தார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சந்தனப் பூவை வைத்துவிட்டு வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். சிலர் நின்ற இடத்திலேயே புரட்டி, "அடடே, கதையா!" என்றார்கள். தகனக் கூடத்துப் புகைபோக்கியில் மெல்லப் புகை வந்தது. வன்பென் கூரைக்கு அடியில் மிச்சப் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்த தலை, பல்லில் சணல்.

"ஏம்மா, கடைசிப் படகு போயிடுச்சா?"

பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. ஓடிவிடலாம் என்று கால் சொல்லியது. ஆனால் வன்பென் சணலைக் கீழே போட்டாள். திரும்பினாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

முப்பது வயது இருக்கும். களைத்த முகம், பயமுறுத்துகிற முகமில்லை. பாவாடை நனைந்து ஒட்டியிருந்தது. சந்தையிலிருந்து வருகிற எவளோ ஒருத்தியாகவும் இருக்கலாம். கையில் வாழை இலையில் சுற்றிய பொட்டலம்.

"இல்லக்கா, போகல," என்றாள் வன்பென். "அஞ்சு மணிக்குத்தான். இதோ, வாங்க. நானே கொண்டுவந்து ஏத்தி விடறேன்."

அவள் தலையாட்டினாள். இருவரும் துறைக்கு நடந்தார்கள். பலகைகள் வழுக்கின. வன்பென் கையை நீட்டினாள், அவள் பிடித்துக்கொண்டாள். கை குளிர்ந்திருந்தது. மழையில் நனைந்தவர்கள் கை அப்படித்தான் இருக்கும். படகு வந்தது. அலுவலகம் விட்டு வருகிற நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர்களுக்கு நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். படகு கிளம்பி வளைவில் திரும்பி மறையும் வரை வன்பென் கண்ணை எடுக்கவில்லை. எத்தனை பேர் அக்கரையில் இறங்கினார்கள் என்று படகுக்காரனைப் பிறகும் அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

திரும்பி வந்தபோது லமாய் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டாங்கம்மா."

லமாய் புகைபோக்கி இருந்த பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அவ்வளவுதான். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொள்ளவில்லை. அச்சக வாசலிலும் அவளை யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வன்பென் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். தகரப் பெட்டியில் அடையாளம் வைக்காத பத்திரிகைகள் இன்னும் நாற்பதுக்கு மேல் இருந்தன. ப்ரயூன் எழுதியவை சில, மற்றவர்கள் எழுதியவை ஏராளம். அரச சபைச் சூழ்ச்சி, கடற்கொள்ளைக்காரர்கள், நிலவுக்குப் பறந்து போகிற ஒரு டாக்டர். லமாய் கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ள வைப்பார். வன்பென் சத்தமாகப் படிப்பாள். பட்டு வியாபாரி கதையை லமாய் மூன்று ஞாயிறு இழுத்தடித்துக் கேட்டார். மூன்றாம் ஞாயிறு, துப்பறிகிறவர் கொலையாளியின் பெயரைச் சொல்லப் போகிற இடம் வந்ததும் வன்பென்னின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லாதே, சொல்லாதே. அந்தத் தம்பிக்காரன்தானே? அவன் முழியே சரியில்லன்னு மொதல்லருந்தே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"படிக்கட்டுமா, வேணாமா?"

"படிடி. ஆனா மெதுவாப் படி," என்றார் லமாய்.