மஞ்சளா ஆம்பரா

கொளஞ்சியப்பன் இருநூற்று முப்பத்தோராம் நாள் வேலைக்குப் போன அன்று பஸ் புளியமரத்தில் இடித்தது. இன்னும் ஒன்பது நாள் ஓட்டியிருந்தால் இருநூற்று நாற்பது கணக்கு முடிந்து, தினக்கூலி டிரைவர் என்ற பெயர் போய் நிரந்தர டிரைவர் ஆகியிருப்பான். அந்த ஒன்பது நாளை எப்படியாவது தாண்டிவிட வேண்டும் என்று வடக்கனந்தல் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வெற்றிலை போடுவதைக்கூட விட்டிருந்தான். அம்மன் கவனிக்கவில்லை.

மரத்தில் இடித்தது என்று நான் சொல்கிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கும் உங்களுக்கும் பயமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் சம்பளம் வாங்குகிற ஒருவராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஏனென்றால் அங்கே மரமே கிடையாது.

புரட்டாசியில் இடஒதுக்கீட்டுக்காக ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அப்போது விழுப்புரத்திலிருந்து மலையடிவாரம் வரை ரோட்டோர மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. வெள்ளிமலை ரோட்டில் மூன்றாம் வளைவில் நின்ற புளியமரமும் சாய்ந்தது. மறியல் முடிந்ததும் சாலை ஆபீஸ்காரர்கள் மேலிடத்துக்கு எழுதினார்கள்: எல்லா மரங்களும் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அகற்றப்பட்டன, போக்குவரத்து சீராக உள்ளது. அதே வாரம் போலீஸ் வந்து அந்த மரத்தில் சுண்ணாம்பால் ஒரு எண்ணை எழுதி, இது வழக்குச் சொத்து, கோர்ட்டு சொல்லும்வரை எவனும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது. ஆக, ஒரு ஆபீஸில் மரம் இல்லை. இன்னொரு ஆபீஸில் மரத்தைத் தொடக்கூடாது. மரம் மட்டும் ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு இரண்டு மாதமாகப் படுத்திருந்தது.

கொளஞ்சியப்பனுக்கு இதில் வீட்டுச் சங்கடமும் ஒன்று உண்டு. மரத்தை வெட்டியதாக வழக்கில் சிக்கியிருந்தவன் அவன் மனைவி கண்ணகியின் தம்பி சிவசங்கர். பி.காம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். ஜாமீனில் வந்து தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அக்காள் வீட்டுக்காரர் ஓட்டுகிற பஸ் போகிற ரோடு என்று அவனுக்கும் தெரியும். உரிமைக்கு முன்னால் மாமாவின் பஸ் எம்மாத்திரம்.

இனி விளக்குக்கு வருவோம். மலை ஏறுகிற பஸ்களுக்கெல்லாம் பனிவிளக்கு பொருத்த வேண்டும் என்று முந்தைய வருடம் உத்தரவு வந்தது. நிறம் ஆம்பர் என்று உத்தரவிலேயே இருந்தது. ஆம்பர் என்றால் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. பஸ் திரும்பும்போது பக்கவாட்டில் கண்ணடிக்குமே, அந்த நிறம். அந்த விளக்கை பஸ்ஸின் நெற்றியில், ஊர்ப் பலகைக்கு மேலே மாட்டினார்கள். தொடங்கிவைக்க வந்தவரோடு சேர்த்து விளக்கும் போட்டோவில் விழ வேண்டும் அல்லவா? போட்டோ நன்றாக வந்தது. பனியில்தான் ஒன்றும் தெரியவில்லை. மேலே எரிகிற விளக்கு பனியை மட்டுமே காட்டியது. கொளஞ்சியப்பனுக்கு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுவர் நின்றது. சுவரைத் தள்ளிக்கொண்டு மலை ஏறினான்.

பொறுக்க முடியாமல் பணிமனை எலக்ட்ரீசியன் அந்தோணிதாஸிடம் போய் நின்றான். அந்தோணிதாஸ் களமருதூர்க்காரர், ஐம்பது வயது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாலும் கோயிலில் எந்த பல்பு மங்கலாக எரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவர். சேலத்தில் பழைய லாரி சாமான் கடையில் தேடி, நல்ல மஞ்சள் கண்ணாடி போட்ட இரண்டு விளக்குகளை வாங்கிவந்தார். அவற்றை பம்பருக்கும் கீழே, ரோட்டை முகர்கிற மாதிரி தாழ்த்திப் பொருத்தினார். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.

"நெறத்த வுடு கொளஞ்சி," என்றார். "பனி மேலதான் ஜாஸ்தி நிக்கும், தரையில கம்மி. லைட்டு முட்டிக்குக் கீழ இருக்கணும். எத்தினி பேருக்குச் சொன்னாலும் நெறத்தப் பத்தியே பேசிக்கினு இருக்கானுங்க."

கார்த்திகை மாதம் ஒரு காலை, முதல் நடை. முந்தின நாள் யாரோ விறகுக்குக் கிளையை வெட்டியதில் பாரம் மாறி, அடிமரம் உருண்டு இன்னும் இரண்டடி ரோட்டுக்குள் வந்திருந்தது. மஞ்சள் விளக்கு அதைக் காட்டியது. கொளஞ்சியப்பன் பிரேக்கை மிதித்தான். பஸ்ஸின் இடது மட்கார்டு நசுங்கியதோடு போயிற்று. நாற்பத்திரண்டு பேருக்கும் சிராய்ப்புகூட இல்லை. மஞ்சள் விளக்கு இல்லாவிட்டால் பள்ளத்தில் கிடந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டே இறங்கி, குனிந்து அந்த இரண்டு விளக்கையும் தொட்டுப் பார்த்தான்.

விசாரணையைக் கிளை மேலாளர் தீனதயாளன் நடத்தினார். நேர்மையானவர் என்று பெயர். அதாவது எழுத்தில் இல்லாததை நம்ப மாட்டார். எதில் இடித்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. எந்த விளக்கு எரிந்தது என்று கேட்டார். ஆம்பர் எரிந்தது என்றால் போக்குவரத்துக் கழகம் கொடுத்த சரியான விளக்கு எரிந்தும் இடித்திருக்கிறான், டிரைவர் கவனக்குறைவு, வீட்டுக்குப் போக வேண்டும். மஞ்சள் எரிந்தது என்றால் அனுமதியில்லாத விளக்கு, பொருத்தியவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு ஆள்.

மஞ்சள் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. மறியல் நடத்திய சங்கத்துக்காரர்கள் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு ஊர்வலம் போன வருடம் அது. அரசாங்க பஸ்ஸில் மஞ்சள் விளக்கு என்று பேப்பரில் வந்தால் தன் தலை உருளும் என்று பயந்து, ஜன்னலைச் சாத்தச் சொன்னார். டைப்பிஸ்ட் ராணியம்மாளிடம் 'மேற்படி நிறம்' என்று போட்டால் போதும் என்றார்.

மரம் சார், என்று கொளஞ்சியப்பன் ஆரம்பித்தான். தீனதயாளன் சாலை ஆபீஸ் கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டினார். மரம் இல்லை. இருந்தாலும் அது வழக்கில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசினால் கோர்ட்டு அவமதிப்பு.

வீட்டுக்கு வந்தால் கண்ணகி வேறு மாதிரி சொன்னாள்.

"மரத்தப் பத்தி வாயத் தொறந்தீங்கன்னா எந்தம்பி உள்ள பூடுவான். நாளைக்கு உங்களையே சாட்சிக்கு இஸ்துக்கினு போவானுங்க. வேற இன்னா வேணா சொல்லுங்க."

வேறு என்ன சொல்வது? ஆம்பர் என்றால் அவன் வேலை போகும். மஞ்சள் என்றால் தனக்காகக் கைக்காசு போட்டு விளக்கு வாங்கிவந்த மனிதரின் வேலை போகும். கொளஞ்சியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தீனதயாளன் மேல், மைத்துனன் மேல், எல்லோர் மேலும் வந்த கோபத்தைக் காட்ட இடமில்லாமல் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வரவழைத்துக்கொண்டான்.

மறுநாள் விடியலில் நேரடிச் சோதனை. நசுங்கிய அதே பஸ், அதே பனி, அதே வளைவு. தீனதயாளன் மப்ளர் சுற்றிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். அந்தோணிதாஸ் பின்னால் நின்றார். வளைவுக்கு முன்னால் தீனதயாளன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, முதலில் ஆம்பரைப் போடச் சொன்னார்.

போட்டான். ஆரஞ்சுச் சுவர். அதைத் தவிர ஒன்றுமில்லை.

"மரம் எதுவும் தெரியல," என்றார் தீனதயாளன், திருப்தியாக. "ரெக்கார்டுப்படி சரியா இருக்குது பாருங்க. இப்ப மேற்படி நிறத்தப் போடுங்க."

மஞ்சள் எரிந்தது. பனிக்கு அடியில் புகுந்து ரோட்டோடு ரோடாக ஓடியது வெளிச்சம். இருபதடியில் புளியமரம் முழுசாகக் கிடந்தது. பட்டையில் ஊர்ந்த எறும்புதான் தெரியவில்லை. போலீஸ் எழுதிய சுண்ணாம்பு எண்ணைத் தெளிவாகப் படிக்க முடிந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள்.

தீனதயாளன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மரம் அங்கேயே இருந்தது.

"அணைப்பா," என்றார்.

அன்று மாலையே அறிக்கை தயாரானது. அதைப் போல நியாயமான அறிக்கையை அந்தப் பணிமனை கண்டதில்லை. மேற்படி நிறமுள்ள விளக்கு, சாலையில் இல்லாத பொருளை இருப்பதுபோல் ஓட்டுநருக்குக் காட்டியதாலும், அவர் அதனால் திடீரென பிரேக் பிடித்ததாலும் பஸ் ஓரமாக உராய நேரிட்டது. ஓட்டுநர் மேல் தவறில்லை. எலக்ட்ரீசியன் எச்சரிக்கப்படுகிறார். தவறு விளக்கினுடையது, அது இன்றே கழற்றப்பட்டது. ஆம்பரே சரியான நிறம் என்று சோதனையில் நிரூபணமானது. கீழே, சோதனையின்போது மூன்றாம் வளைவில் மரம் எதுவும் காணப்படவில்லை என்பதற்கு மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கொரு நகல்.

இரண்டு பேருக்கும் வேலை தப்பியது. மைத்துனனுக்கும் தொந்தரவில்லை. எல்லோருக்கும் நல்லது. இருந்தும் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது கொளஞ்சியப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாற்பத்திரண்டு பேரைக் காப்பாற்றிய விளக்கைப் பொய்சாட்சி சொல்லிக் கழற்ற வைத்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் முதல் நடை. மட்கார்டை நிமிர்த்தியிருந்தார்கள். நெற்றியில் ஆம்பர் எரிந்தது. மூன்றாம் வளைவு வருவதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. இதற்குமேல் முடியாது என்று பஸ்ஸை நிறுத்தி இறங்கி, கையை நீட்டித் தடவிக்கொண்டே முன்னால் நடந்தான். மரம் கையில் தட்டியது. இன்று போகலாம். நாளை? நாளைக்கு மறுநாள்?

பின்னாலேயே இறங்கி வந்தாள் வெள்ளிமலைப் பாப்பாத்தி. முந்தின நாள் கீழே சந்தையில் தினை விற்றுவிட்டுத் திரும்புகிறவள், இடுப்பில் கொடுவாளோடு. மரத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"யாருதுப்பா இந்த மரம்? ரெண்டு மாசமா கெடக்குது."

"மரமே கெடையாது ஆத்தா," என்றான் கொளஞ்சியப்பன், கசப்போடு. "நானே நேத்து கையெழுத்துப் போட்டேன்."

சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். நகல் இருந்தது.

"இல்லாத மரத்த எடுத்தா யாரு கேக்கப் போறாங்க?" என்றாள் பாப்பாத்தியும், சும்மா சொல்கிறவள் போல.

கொளஞ்சியப்பன் பஸ்ஸில் ஏறி, விறகு வேண்டியவர்கள் இறங்கலாம், இன்று லக்கேஜ் டிக்கெட் கிடையாது என்று அறிவித்தான். கண்டக்டர் முதலில் முறைத்துவிட்டு, பிறகு அவனே இறங்கினான். மலைக்காரர்களிடம் கொடுவாளுக்கும் கோடாரிக்கும் பஞ்சமா? கிளைகள் அரை மணி நேரத்தில் பஸ்ஸின் மேலே ஏறின. அடிமரத்தைச் சங்கிலி போட்டு பஸ்ஸாலேயே இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தான். வெள்ளிமலைக் கறிக்கடைக்காரர் இதைவிட நல்ல வெட்டுக்கட்டை கிடைக்காது என்று மத்தியானமே ரம்பத்தோடு வந்துவிட்டதாகப் பிறகு கேள்வி. சுண்ணாம்பு எண் எழுதிய துண்டு யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ தெரியாது. அன்றைக்குத்தான் கொளஞ்சியப்பன் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

நாலாம் நாள் விடியலில், அதே வளைவில், பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு பஸ்ஸை நிறுத்தியது. ஏட்டு இருசப்பன். சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றார். சாலை ஆபீஸுக்குப் போய் வந்துவிட்டாராம். மரத்தை நாங்கள் புரட்டாசியிலேயே எடுத்தாயிற்று என்றார்களாம். தீனதயாளனிடம் போனாராம், அவர் அறிக்கையைக் காட்டினாராம்.

"கோர்ட்டுல வாய்தா வருது கொளஞ்சி. இங்க கெடந்த மரம் எங்க?"

கொளஞ்சியப்பன் மனசுக்குள் நாட்களை எண்ணினான். இது இருநூற்று முப்பத்தைந்தாம் நாள். கண்ணகி முகம், மைத்துனன் முகம், அந்தோணிதாஸ் முகம் எல்லாம் வந்துபோயின. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எந்த மரம்ங்க?" என்றான்.

பாக்கெட்டிலிருந்த நகலை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான். இருசப்பன் படிக்க வெளிச்சம் தேடினார். நெற்றியில் எரிந்த ஆம்பரில் எழுத்து தெரியவில்லை. குனிந்து காகிதத்தைக் கீழே பிடித்தார். அங்கே அவருடைய முட்டி வரைக்கும் நல்ல மஞ்சள் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கழற்றிய விளக்கை அந்தோணிதாஸ் முந்தின ராத்திரியே மறுபடி மாட்டியிருந்தார். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். விளக்கு கழற்றப்பட்டது என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, பம்பருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"இதுல கழட்டியாச்சுன்னு போட்டுருக்குது."

"ஆமாங்க," என்றான் கொளஞ்சியப்பன். "கழட்டியாச்சுங்க."

இருசப்பன் நிமிர்ந்தார். காகிதத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சைக்கிளைத் தூக்கி பஸ் மேல் போடச் சொல்லிவிட்டு, முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் வெள்ளிமலையில் வேலை இருந்தது.