பக்கத்து சீட்டுக்காரன்

கொலைக்குக் கத்தி வேண்டும், கயிறு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பாப்பாவைப் பார்த்ததில்லை. நாற்காலியில் சாய்ந்து, வீங்கிய காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, வெறும் வாயாலேயே ஒரு மனுஷனைக் கொன்றவள் அவள். செத்தவருக்கு அந்த விஷயமே தெரியாது. அவர்பாட்டுக்குப் பனிக்காட்டில் எஞ்சினுக்குள் உட்கார்ந்து சூடாக எதையோ குடித்துக்கொண்டிருந்தார்.

நாற்பதைத் தாண்டியவளுக்குப் பாப்பா என்ற பெயர் பொருந்தாதுதான். அண்ணன் கூப்பிட்டுப் பழகிய பெயர், அவன் மாற்றினால்தான் மாறும். வீட்டில் அவர்கள் இரண்டே பேர். அவளுக்குக் கல்யாணம் கூடி வந்து கலைந்தது, அவனுக்குக் கூடியே வரவில்லை. அண்ணன் மோட்டார் காயில் கட்டும் கடையில் கைதேர்ந்த ஆள். சர்க்கரை வியாதி போன வருஷம் அவன் கண் இரண்டையும், கூடவே வேலையையும் கொண்டுபோய்விட்டது. பாப்பாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட வேண்டும். பொழுதெல்லாம் நீராவியில் நின்று, மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிவிட்டு வீடு திரும்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான், யாரோடும் பேசாமல் ஒரு மணி நேரம்.

கிடைத்ததோ ரயில்.

ஒரு சாயங்காலம் அவள் சேனல் மாற்றிக்கொண்டே போனபோது அண்ணன், "நிறுத்து நிறுத்து, அது என்ன சத்தம்?" என்றான். பனியை இரும்பு கிழித்துப் போகிற சத்தம் அது. மனுஷவாசம் இல்லாத காடு, நடுவே ஒற்றைத் தண்டவாளம், அதன்மேல் பனி தள்ளிக்கொண்டு போகும் ஒரு எஞ்சின். அங்கே வேலை செய்கிற நிஜ மனிதர்களைப் பின்னாலேயே போய்ப் படம் பிடித்திருந்தார்கள். பேச்சு புரியாத பாஷை. கீழே தமிழில் எழுத்து ஓடும். கண்ணில்லாதவனுக்கு எழுத்து எதற்கு? பாப்பா வாசித்துக் காட்டினாள். அன்று பிடித்தது சனி. அதன்பிறகு வாராவாரம் புது நிகழ்ச்சி, மற்ற நாட்களில் அதே சேனலில் பழையது. காட்டை வர்ணிக்க வேண்டும், எழுத்தை வாசிக்க வேண்டும், நடுநடுவே அண்ணனின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"இப்ப என்ன தெரியுது?"

"பனி."

"அது போன தடவையே சொன்னியே. இப்ப?"

"இப்பவும் பனிதான் அண்ணா. பனிக்காட்டுல வேற என்ன பாலாறா ஓடும்?"

எஞ்சின் ஓட்டுகிறவர் காதுவரை மூடும் ரோமத் தொப்பி போட்ட வயசாளி. அவருக்குத் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்தார்கள். அவர் ஹாரன் அடிக்கிற விதம் அவருக்கே உரியது. முதலில் நீளமாக ஒன்று, பிறகு வெட்டி வெட்டி இரண்டு. அவருக்குப் பக்கத்து சீட்டில் இன்னொரு ஆள் உண்டு. வளைவு வருகிறது, பாலம் வருகிறது, மெதுவாக என்று ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான். ஒருத்தர் பேச்சை வாசிக்கவே பாப்பாவுக்கு நாக்கு வறண்டது, இதில் அவனை வேறு யார் வாசிப்பது? அவனை அப்படியே விழுங்கிவிட்டாள். "இன்னொரு குரல் கேக்குதே, யாரு?" என்று அண்ணன் கேட்டபோது, "வயர்லெஸ். ஸ்டேஷன்லேருந்து எதையோ உளர்றான்" என்றாள். பனிப்புயலில் ஒன்றுமே தெரியாமல் எஞ்சின் போகும்போது, "கண்ணாடியெல்லாம் வெள்ளையா மூடிக்கிச்சு, ஒரு மண்ணும் தெரியல. காதாலேயே ஓட்டறாரு மனுஷன்!" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டாள். வாசிப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அந்தச் சொல் அண்ணனுக்குள் எப்படி வேலை செய்யும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் அவன் மூலையில் கிடந்த கைத்தடியை எடுத்தான். முதலில் வாசல்வரை போனான், பிறகு தெருக்குழாய்வரை. சில நாளில் தெருமுனை மருந்துக்கடைக்குத் தனியாகவே போய் மாத்திரை வாங்கி வந்து நின்றான். "தொப்பிக்காரர் மாதிரி காதாலேயே போயிட்டு வந்தேன்" என்று அவன் சொன்னபோது பாப்பாவுக்குக் கண்ணீர் முட்டியது. செய்தி கடை முதலாளி காதுக்கும் போயிற்று. ஆள் நல்லவர்தான், ஆனால் கறார்.

"காயில் கட்டக் கைதானே வேணும், கண்ணு எதுக்கு? ஆனா கூட்டிட்டு வர என்கிட்ட ஆள் கிடையாது. வந்து சேர்றது உன் பொறுப்பு. மாசம் பொறக்கறதுக்குள்ள வரியா இல்லையான்னு சொல்லிடு. இல்லேன்னா நான் வேற ஆளைப் போட்டுக்கறேன்."

கடை மூன்று தெரு தள்ளி. அண்ணன் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினான். வேலை திரும்பிவிடும், அவன் முகத்தில் பழைய களை வந்துவிடும் என்று அவளும் நம்பினாள். அப்படி எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

அன்று ஹோட்டலில் ஏதோ பெரிய கூட்டம். விரிப்பு மலைபோல் வந்து குவிந்திருந்தது. பாதம் எரிய, தொண்டை கட்டிப்போய் வந்து உட்கார்ந்தாள். டிவியில் மலைச்சரிவிலிருந்து பனி சரிந்து எஞ்சின் பாதி புதைந்துவிட்டது. ஆட்கள் மண்வாரியோடு ஓடுவதோடு அன்றைய பாகம் முடிந்தது.

"எடுத்துட்டாங்களா? உயிரோட இருக்காரா? முகம் தெரியுதா? சொல்லேன் பாப்பா!"

அடுத்த வாரம் தெரியும் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அடுத்த வாரம் என்றால் மறுபடி வாசிப்பு, மறுபடி "இப்ப என்ன?" அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"போயிட்டாரு அண்ணா. வெளிய எடுத்தப்போ உசுரு இல்ல. அவ்வளவுதான், நிகழ்ச்சியும் முடிஞ்சுது. இனிமே வராது."

அண்ணன் மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாடா, விட்டது பீடை என்று அன்று நன்றாகத் தூங்கினாள், பாவி.

காலையில் பார்த்தால் கைத்தடி கதவுக்குப் பின்னால் கிடந்தது. "மருந்துக்கடைக்குப் போகலையா?" என்று கேட்டாள்.

"அவ்வளவு பழகின மனுஷன், அவரே மாட்டிக்கிட்டாரு. நான் எந்த மூலைக்கு?" என்றான் அண்ணன். "கண்ணு தெரியாம போனா கடைசியில இதான். நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சுதே."

பாப்பா, அது வேற இது வேற, அங்க பனிச்சரிவு, இங்க தார்ரோடு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். உண்மையை மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நீ கேள்வி கேட்டது எனக்கு அலுத்துப்போச்சு, அதனால அவரைக் கொன்னுட்டேன் என்று கண் போனவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். அந்த நாளைக்கும் ஒரு நாளை பிறந்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் கேளுங்கள். ரயில் இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை! வாசித்து வாசித்து அலுத்தவளுக்கு அந்தக் காடு எப்போதோ ஒட்டிக்கொண்டுவிட்டது. தொப்பிக்காரர் என்ன ஆனார் என்ற நமைச்சல் வேறு. அடுத்த வாரம் அந்த நேரம் வந்ததும் டிவியைப் போட்டு, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு உட்கார்ந்தாள். அண்ணன் எதிர் நாற்காலியில்தான் இருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சும்மாவா சொன்னார்கள்!

"டிவி போடலையா பாப்பா?"

"என்னத்தைப் போடறது? அதான் முடிஞ்சு போச்சே."

திரையில் பனியைத் தோண்டி எஞ்சின் கதவைத் திறந்தார்கள். தொப்பிக்காரர் தொப்பியை உதறிக்கொண்டே இறங்கினார். இறங்கினதும் முதல் வேலையாகச் சிரித்தார். கூடவே பக்கத்து சீட்டுக்காரனும் இறங்கினான். பாப்பா தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்ல... வேலை இடத்துல ஒருத்தி சொன்னது ஞாபகம் வந்துது."

"எனக்கும் சொல்லேன். சிரிச்சு நாளாச்சு."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆயிற்று அவளுக்கு. ஒரு மணி நேரம் பேசாமல் ரயில் பார்க்கக் கிடைத்த முதல் நாள் அது, கேட்ட வரம்தான். அதற்கப்புறம் ஒரு காட்சிகூட உள்ளே இறங்கவில்லை. ஆவலாகத் திரும்பியிருந்த அண்ணனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தை அவள் இஷ்டம்போல் பார்க்கலாம், அவனால் அவளைத் திரும்பிப் பார்க்க முடியாது. அதுவே ஒரு திருட்டு மாதிரி இருந்தது. இருந்தும் அடுத்த வாரமும் சத்தமில்லாமல் டிவியைப் போட்டாள். என்ன ஜென்மமோ!

அன்றுதான் முதலாளியின் போன் வந்தது. அண்ணன் தடவி எடுத்துக் காதில் வைத்தான்.

"சொல்லுங்க முதலாளி... ஆமா, நாளைக்கு மாசம் பொறக்குது, ஞாபகம் இருக்கு... நானும் யோசிச்சுப் பாத்தேன். என்னை நம்பி நீங்க..."

அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. அடுத்த சொல் என்னவென்று பாப்பாவுக்குத் தெரியும். வேற ஆளைப் பாத்துக்கங்க என்பான். அப்புறம் அந்த நாற்காலி, அந்தச் சுவர், ஆயுசு முழுக்க. வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. கையிலிருந்த ரிமோட்டைத்தான் அழுத்த முடிந்தது. அழுத்திய விரலை அவள் எடுக்கவே இல்லை.

இரும்பு பனியைக் கிழிக்கும் சத்தம் அறையை நிறைத்தது. அதற்கு மேலே ஹாரன். நீளமாக ஒன்று, வெட்டி வெட்டி இரண்டு.

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு, "ஒரு நிமிஷம் முதலாளி, நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான்.

"பழசா?"

"இல்ல, இன்னிக்கு வர்றது." பாப்பாவின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அவர் சாகல அண்ணா. ஒரு கீறல்கூட இல்ல. நான்தான் வாய்கூசாம கொன்னுட்டேன். எனக்கு அலுப்பா இருந்துது. வாசிக்க முடியல. போன வாரம் வந்ததை முழுக்கச் சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கிட்டு உன் எதிர்லயே பாத்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அவன் தேற்றுவான் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அவன் தேற்றவில்லை.

"நாய் ஒண்ணு வருதுன்னு சொல்வியே. அது நிஜமா?"

"நிஜம்தான்."

"சாயங்காலமானா பனி நீலமா மாறும்னு சொன்னே."

"அதுவும் நிஜம். சத்தியமா."

"கண்ணாடி முழுக்க மூடிக்கிச்சு, காதாலேயே ஓட்டறாருன்னு சொன்னியே. அது?"

இதற்கு ஆமாம் என்று சொல்லிவிடத்தான் அவளுக்கு ஆசை. அந்த ஒரு பொய்தான் அவனைத் தெருவில் நடக்க வைத்தது. நல்ல பொய். ஆனால் திரையில் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான், கீழே அவன் வார்த்தைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இல்ல அண்ணா. பக்கத்து சீட்டுல ஒரு ஆள் இருக்கான். வளைவு, பாலம், கம்பம், எல்லாத்தையும் அவன்தான் சொல்லிக்கிட்டே வருவான். அந்த இன்னொரு குரல் வயர்லெஸ் இல்ல, அவன்தான். வாசிக்கச் சோம்பல்பட்டு அவனை உன்கிட்ட சொல்லவே இல்ல."

அண்ணன் நெடுநேரம் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப யாரும் தனியா ஓட்டல."

"இல்ல."

"மருந்துக்கடைக்கு அந்தாண்ட போனா எனக்குக் கால் வெடவெடன்னு ஆடும், பாப்பா. அவரால முடியுது, நமக்கு ஏன் முடியலன்னு வெக்கப்பட்டு உன்கிட்ட சொல்லல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்த ஆளுக்கு அலுக்காதா?"

"அலுக்கும். இப்பக்கூடக் கொட்டாவி விட்டான்."

"எறங்கிப் போயிட்டானா?"

"இல்ல. சொல்லிக்கிட்டேதான் இருக்கான்."

அண்ணன் போனை எடுத்து, வரேன் முதலாளி, வழி பழகற வரைக்கும் தங்கச்சி கூட வருவா என்றான்.

மறுநாள் காலையில் இருவரும் கிளம்பினார்கள். சலவைப் பிரிவில் தாமதத்துக்குத் திட்டு காத்திருந்தது, வாங்கிக்கொள்ளலாம் என்று பாப்பா முடிவு செய்திருந்தாள். பக்கத்து சீட்டுக்காரனைப் போல் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். இடது பக்கம் சைக்கிள், எதிரே ஒரு அம்மா, கொஞ்சம் வலது பக்கம் வா. ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மருந்துக்கடையைத் தாண்டியதும், "இங்க ஒரு படி எறங்கணும் அண்ணா" என்றாள்.

இதற்கு முன்னால் எத்தனையோ தடவை அவள் இப்படிச் சொல்லியிருக்கிறாள், அவனும் சொன்ன இடத்தில் சட்டென்று காலை வைத்திருக்கிறான். இன்று நின்றான். கைத்தடியை முன்னால் நீட்டினான். அங்கே நிஜமாகவே படி இருக்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்தான். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவையும் தட்டினான். அப்புறம்தான் காலை எடுத்து வைத்தான்.

பாப்பா அடுத்து வந்த மின்கம்பத்தைச் சொன்னாள். அவன் அதையும் தட்டிப் பார்த்தான்.