நன்றியுரை: யேமா கல்லோன்

கட்சிக் கூட்டம் எதுவானாலும் கடைசியில் நன்றி சொல்வது யேமா கல்லோன்தான். போர் முடிந்து கெனமா வட்டாரத்தில் மறுபடி கூட்டம் போடத் தொடங்கிய நாளிலிருந்து அப்படி. ஆண்கள் மேடையில் ஜனநாயகத்தைக் காப்பாற்றிவிட்டு வியர்வை துடைக்கும்போதுதான் அவள் கைக்கு மைக் வரும். அதற்குள் மரவள்ளிக்கீரைக் குழம்பின் வாசனை பந்தலுக்குள் வந்துவிடும்.

இந்த முறை அவளுக்கு நன்றி மட்டும் போதவில்லை. வேட்பாளர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. கவுன்சில் தேர்தலில் தன் வார்டைக் கேட்டிருந்தாள். கட்சிச் சேர்மன் வாண்டி லாஹாய் அங்கே தன் இளைய மனைவி காடியை நிறுத்தப்போவதாக ஊரெல்லாம் பேச்சு.

"நன்றி சொல்ல உன்னை விட்டா ஆளு ஏது யேமா? அந்தப் பெருமை போதாதா?" என்றார் சேர்மன், மேடை ஏறுமுன்.

"காடிக்கு இஷ்டமா?"

"அவளை யாரு கேட்டா?"

சட்டியருகே நின்ற காடி முனகினாள். "அக்கா, என் வெங்காயக் கடையை யாரு பாக்கிறது? இந்த மனுசன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

பெண் விடுதலை பற்றி சேர்மன் பேசிய நேரத்தில் பெண்கள் விடுதலையே அடைந்திருக்கலாம். வேட்பாளர் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை. தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து வந்திருந்த கட்சிச் செயலாளரிடம் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகச் சொல்வதாக ஏற்பாடு. வயிறு நிறைந்தவர் கேள்வி கேட்கமாட்டார்.

யேமா மைக்கை வாங்கினாள். நன்றியுரையில் குறுக்கே பேசுவது அந்த ஊரில் பெரிய மரியாதைக்கேடு. பெயர் வந்தால் எழுந்து, நெஞ்சில் கை வைத்துக் குனியவேண்டும். செயலாளர் குனிந்தார். இமாமும் பாதிரியாரும் சேர்ந்தே குனிந்தார்கள்.

"பந்தல் போட்டுக்கொடுத்த நம்ம சேர்மனுக்கு நன்றி." சேர்மன் எழுந்து குனிந்தார்.

"சீக்கிரமே ரோடு போடப்போற சேர்மனுக்கு நன்றி." குனிந்தார்.

"பாலம் கட்டப்போற சேர்மனுக்கு நன்றி." உட்காராமலே குனிந்தார். முகம் மலர்ந்துகொண்டே போனது.

"நம்ம வார்டுல ஒரு பொம்பளை நிக்கணும்னு முடிவு பண்ணி, அதுக்கு இந்த யேமா பேரைச் சொல்லப்போற சேர்மனுக்கு ரொம்ப நன்றி."

செய்தி காதுக்கு எட்டுவதற்குள் சேர்மனின் முதுகு வளைந்துவிட்டது.

கரண்டியால் சட்டியைத் தட்டி முதல் பாட்டை எடுத்தவள் காடி. பெண்கள் ஆடத் தொடங்கினார்கள். செயலாளர் சேர்மனைக் கட்டிக்கொண்டார். "துணிச்சலான முடிவு. தலைமைகிட்ட நானே சொல்றேன்."

சாப்பாட்டின்போது சேர்மன் தட்டோடு யேமாவின் நாற்காலி அருகே வந்து குனிந்தார். பழக்கமாகிவிட்டிருந்தது. "நான் எப்ப யேமா அப்படிச் சொன்னேன்?"

"அப்ப எதுக்குக் குனிஞ்சீங்க?"

"நன்றின்னா குனியத்தானே வேணும்."

"அதான் நானும் சொன்னேன்."

சேர்மன் சோற்றைக் கிளறினார். "நீ மேடையில உக்காந்துட்டா, இனிமே நன்றி யாரு சொல்றது?"

"அதுக்கு உங்க பேரைத்தான் செயலாளர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள் யேமா.