முந்தி அடித்த மணி

மாமியின் உதட்டை ஜெயனி ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது தேவாலயத்தில் துக்க மணி அடித்தது.

“பிள்ளை, மணி ஆருக்கு?” என்றார் ஐரிஸ் மாமி, கண்ணைத் திறக்காமல்.

மாமிக்குத்தான் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. மாமிக்குக் கடைசித் திருவிருந்து கொடுக்கப் போதகர் மோட்டார் சைக்கிளில் பறந்ததைக் கண்ட தேவாலயப் பணியாள் ஜெயதீபன், காரியம் முடிந்ததென்று தானே தீர்மானித்து மணிக் கயிற்றை இழுத்துவிட்டான். முற்றம் வெள்ளைச் சேலைகளால் நிறைந்தது.

“மனுசி உயிரோடை கிடக்குது, போங்கோ,” என்று மாமா லயனல் எல்லாரிடமும் கெஞ்சினார்.

“எனக்கு வந்த சனத்தை நான் பாக்க வேண்டாமோ? தேத்தண்ணி வை பிள்ளை,” என்றார் மாமி. ஜெயனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மாமி படுக்கையில் விழுந்த நாளிலிருந்து மருமகள்தான் குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். மாலையில் இருவரும் சேர்ந்தே ஜெபித்தார்கள். ஜெயனி கேட்டது சுகம். மாமி கேட்டதோ, கிணற்றுப் பங்குத் தகராறில் கோபித்துக்கொண்டு போன தம்பி நதானியேல் ஒருமுறை இந்த வீட்டுக்கு வரவேண்டும் என்பது. ஆள் விட்டுக் கூப்பிட்டபோது அவர், “செத்தால் சொல்லுங்கோ,” என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் மாமி விடவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாத மனுசி என்று ஜெயனிக்குக் கோபம் கோபமாக வரும்.

கேத்தலைத் தூக்கியவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கழுத்துப்பட்டியோடு நதானியேல் வேலிப் படலையில் சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தார்.

கேத்தலை அப்படியே வைத்தாள். மாமி உயிரோடு இருக்கிறா என்று ஒருவர் வாய் திறந்தாலும் மனுசன் அப்படியே திரும்பிவிடுவார். முற்றத்துக்கு ஓடினாள்.

“மாமா, கதையாதேங்கோ. றெஜினா அக்கா, அழுங்கோ.”

பக்கத்து வீட்டு றெஜினா ஒரு கணம் முழித்தாள். பிறகு சேலைத் தலைப்பை முகத்தில் வைத்து விம்மத் தொடங்கினாள். முற்றமே தலை குனிந்தது. நதானியேல் யாரையும் பார்க்காமல் நேரே அறைக்குள் போய்க் கட்டிலருகே நின்றார்.

மாமி கண்ணைத் திறந்தார். “தம்பி, உந்தக் கழுத்துப்பட்டி வடிவாயிருக்கு.”

நதானியேல் வாசலுக்குத் திரும்பினார். ஜெயனி குறுக்கே நின்றாள்.

“நீ சாகேல்லையோ அக்கா?”

“இன்னும் கொஞ்சம் கிடக்கு. இரு.”

அவர் இருந்தார். போதகர் அப்பத்தைப் பிட்டு இருவருக்கும் கொடுத்ததை ஜெயனி பார்த்துக்கொண்டு நின்றாள். கடவுளுக்குக் காது கேட்காதென்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தான் கேட்ட சுகம் கிடைக்கவில்லைதான். ஆனால் இன்று அவளுக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை.

பொழுது சாய முன்னர் மாமி போய்விட்டார். கை தம்பியின் கைக்குள் இருந்தது.

செத்த வீட்டில் எவரும் ‘வாறன்’ என்று சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. சனம் ஓசையின்றி எழுந்து போனது. நதானியேல் சைக்கிளை எடுத்துப் படலையடியில் தயங்கி நின்றார்.

“காலமை வாறன் பிள்ளை.”

“ஓம் மாமா, வாங்கோ,” என்றாள் ஜெயனி.